திஸ்ரத்துக்கும் சதுஸ்ரத்துக்கும் நடுவே

கல்லூரி நாட்களில் பெரம்பூர்ப் பக்கம் ஒரு தேவாலயத்தின் இளைஞர் குழுவுக்கு நான் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த அண்ணன் என்னிடம் வந்து, "தம்பி, கை நல்லாத்தான் ஓடுது. ஆனா பாட்டையும் இழுத்துக்கிட்டு ஓடுறியே, கேட்டுப் பாரு" என்று சொல்லி, நிகழ்ச்சியைப் பதிவுசெய்திருந்த கேசட்டை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனார். அன்றிரவே கேட்டேன். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் நான் ஆசை ஆசையாகப் போட்டிருந்த ரோல்கள், அதாவது அடுக்கடுக்கான வேக அடிகள், எல்லாம் காலத்தைத் தள்ளிக்கொண்டு ஓடியிருந்தன. முதல் பாட்டு தொடங்கிய வேகம் ஒன்று, முடிந்த வேகம் வேறு. கடைசிச் சரணத்தில் பாடகர்கள் வரிக்கு நடுவே மூச்சு வாங்கியதுகூடப் பதிவில் தெளிவாகக் கேட்டது.

அதுவரை நல்ல டிரம்மர் என்றால் கை வேகம், டாம் என்னும் நான்கு துணை டிரம்களிலும் சுற்றி வரும் ரோல், தனியாக வாசிக்கும்போது கிடைக்கும் கைதட்டல் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கேசட்டுக்குப் பிறகு ஜாஸ், ராக் இசைத்தட்டுகளை வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். எத்தனை அடி அடிக்கிறார் என்பதை எண்ணுவதை விட்டுவிட்டு, இரண்டு அடிகளுக்கு நடுவில் என்ன செய்கிறார் என்று பார்க்கலானேன். ஒரு டிரம்மரின் பெருமை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று இன்று உறுதியாக நம்புகிறேன். அடியை எந்த இடத்தில் வைக்கிறார், எவ்வளவு அழுத்தத்தில் வைக்கிறார் என்னும் இரண்டையும் நொட்டேஷனில் முழுமையாக எழுத முடியாது. எழுத முடியாத அந்தப் பகுதியை வைத்தே ஒருவரை இன்னொருவரிடமிருந்து நம் காது பிரித்தறிகிறது.

ஜாஸ் டிரம்மரின் வலது கையை எடுத்துக்கொள்வோம். ரைடு சிம்பல் என்னும் பெரிய உலோகத் தகட்டில் அது வாசிக்கும் அடிப்படை நடையை யாரும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று. ஒவ்வொரு எண்ணிக்கையையும் 'தகிட' என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் முதலெழுத்தில் மட்டும் ஓர் அடி. இரண்டிலும் நான்கிலும் 'த'வில் ஓர் அடி, 'ட'வில் ஓர் அடி. டிங், டிங்-க டிங், டிங்-க. இடது கால் இரண்டிலும் நான்கிலும் ஹை-ஹாட் என்னும் இரட்டைத் தகடுகளை மூடும். அவ்வளவுதான் பாடம். அந்தச் சின்னஞ்சிறு 'க' எங்கே விழ வேண்டும் என்பதுதான் ஆயுள் முழுவதும் தீராத வேலை.

நடுத்தர வேகத்தில் அது ஏறத்தாழ திஸ்ரத்தின், அதாவது அந்த மூன்றாகப் பிரித்த நடையின், மூன்றாம் எழுத்தில் விழும். வேகம் குறையக் குறைய அது இன்னும் பின்னால் தள்ளி, அடுத்த எண்ணிக்கையின் வாசலில் போய் நிற்கும். வேகம் கூடக் கூட முன்னால் நகர்ந்து, மிக விரைவான பாட்டுகளில் கிட்டத்தட்டச் சதுஸ்ரம்போல், அதாவது எண்ணிக்கையை இரண்டாகவோ நான்காகவோ பிரிக்கும் நடைபோல், சமமாகவே ஆகிவிடும். இதுவும் பொதுவிதி மட்டுமே. ஒரே வேகத்தில் இரண்டு பேர் வாசித்தாலும் அந்த 'க' ஒரே இடத்தில் விழாது. நம் ஊர் மிருதங்கக் கச்சேரியில் சர்வலகு என்று சொல்கிறோமே, கணக்கு எதுவும் வெளியே துருத்தாமல் பாட்டோடு ஒழுகிப் போகும் அந்த நடை, அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஜாஸ் ரசிகர்கள் 'ஸ்விங்' என்று உருகுவது எதை என்று சட்டென்று பிடிபடும்.

இந்த நடை சிம்பலுக்கு வந்து சேர்ந்ததே ஒரு கதை. ஜாஸின் தொடக்க காலத்தில் காலப்பிரமாணத்தைச் சுமந்தது காலடியில் இருந்த பெரிய பேஸ் டிரம். நடனக் கூடத்தில் ஆடுபவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதால் சுற்றுக்கு நான்கு அடி, இடைவிடாமல். 1930களில் கவுன்ட் பேஸியின் குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ் அந்தப் பாரத்தைக் காலிலிருந்து எடுத்து ஹை-ஹாட்டுக்கு மாற்றினார். மூடியும் திறந்தும் மூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் இரண்டு தகடுகளில் காலம் ஓட, பேஸ் டிரம் காற்றில் கலந்தாற்போல் மெதுவாகிவிட்டது. வால்டர் பேஜின் டபுள் பேஸ் என்னும் பெரிய தந்திக் கருவியும் ஃபிரெடி கிரீனின் கிட்டாரும் அந்தக் குழுவின் பதிவுகளில் அவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு ஜோன்ஸ் காட்டிய இந்த அடக்கமும் ஒரு காரணம். அடுத்தவருடைய ஒலிக்கு இடம்விட்டு வாசித்த முதல் பெரிய டிரம்மர் என்று அவரைத்தான் சொல்வேன்.

அடுத்த படியைக் கென்னி கிளார்க் எடுத்து வைத்தார். டெடி ஹில்லின் குழுவில் வாசித்தபோது ஒரு பாட்டின் வேகம் தாங்காமல் கால் சோர்ந்துபோய், காலத்தை முழுவதுமாகச் சிம்பலுக்கு மாற்றிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கால் வலியிலிருந்து ஒரு பாணி பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஓய்வு கிடைத்த காலும் இடது கையும் எதிர்பாராத இடங்களில் ஒற்றை ஒற்றை அடியாகப் போடத் தொடங்கின. குண்டு போடுவது என்றே அதற்குப் பெயர் வந்தது. 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் என்ற சிறிய மதுக்கூடத்தில், தெலோனியஸ் மங்க் பியானோ வாசிக்க, கிளார்க் இதைப் பழக்கப்படுத்தினார். பிறகு வந்த மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி முதலானோர் எல்லாரும் அவர் திறந்துவிட்ட வழியில் நடந்தவர்கள்தாம். காலம் மேலே மினுங்கிக்கொண்டே ஓட, கீழே உரையாடல் நடக்கிறது. பேஸ் டிரம் காலம் காட்டும் வேலையிலிருந்து விடுபட்டதால் பாடுபவருக்கோ ஊதுபவருக்கோ பதில் சொல்லும் வாய் அதற்குக் கிடைத்தது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியான சிக் வெப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. சிறுவயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் உடல் வளர்ச்சி குன்றியவர். தம் உயரத்துக்கு ஏற்பக் கருவியைச் செய்துகொண்டு வாசித்தார். 1937 மே மாதம் ஹார்லெமின் சவாய் நடனக் கூடத்தில் பென்னி குட்மனின் புகழ்பெற்ற குழுவும் வெப்பின் குழுவும் போட்டிக்கு வாசித்தன. குட்மன் பக்கம் அன்று நாடே கொண்டாடிய ஜீன் குருப்பா. வென்றது வெப்பின் குழு. தோற்றதைக் குருப்பாவே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் வெப் இறந்துபோனார். அவருடைய பதிவுகள் அந்தக் காலத் தொழில்நுட்பத்தின் குறையால் மங்கலாகத்தான் நமக்குக் கிடைக்கின்றன என்பது பெரிய இழப்பு.

அழுத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு எப்போதும் ஒரே ஒரு சிம்பல் அடி நினைவுக்கு வரும். 1959 மார்ச் 2 அன்று, நியூயார்க்கில் தேவாலயமாக இருந்து ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய கொலம்பியா நிறுவனத்தின் அரங்கில், மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டுக்கான முதல் நாள் பதிவு. 'ஸோ வாட்' என்ற அந்தப் பாட்டில் முகப்பு முடிந்து, டிரம்பெட்டின் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில், ஜிம்மி காப் ஒரு சிம்பலை அடிக்கிறார். அதுவரை எல்லாரும் அடக்கியே வாசித்துக்கொண்டிருப்பதால் அந்த ஓர் அடி ஒரு கதவு திறப்பதுபோல் விழுகிறது. அதன் நாதம் அடுத்த சில சுற்றுகள்வரை தேய்ந்துகொண்டே போக, அந்தத் தேய்வின்மேல் மைல்ஸ் தம் முதல் சொற்களை வைக்கிறார். சற்று அதிகமாக அடித்துவிட்டோமோ என்று அந்த நேரத்தில் தமக்குத் தோன்றியதாகக் காப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் அதை நூறு முறையாவது கேட்டிருப்பேன். இன்னும் கொஞ்சம் மெதுவாக அடித்திருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. பாட்டு முழுவதும் காப் வேறு பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை என்பதால்தான் அந்த அடிக்கு அவ்வளவு மதிப்பு.

எல்வின் ஜோன்ஸ் இதற்கு நேர் எதிர்த் துருவம். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் 1960 முதல் 1966 தொடக்கம்வரை வாசித்தவர். ரைடு நடையின் அந்தச் சிறிய 'க'வைப் பிறர் தொட்டும் தொடாமலும் விட, எல்வின் பல சமயம் அதன்மேல்தான் அழுத்தத்தைப் போட்டார். அதனால் சுற்றின் தலை எது, வால் எது என்று தெரியாமல் காலம் வட்டமாகச் சுழல்வதுபோல் கேட்கும். நான்கு கை கால்களும் திஸ்ரத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு தகிடவின் 'த' காலில், 'கி' இடது கையில், 'ட' சிம்பலில். 1964 டிசம்பர் 9 அன்று நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் கூடத்தில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' தட்டைக் கேட்டால், இத்தனை அலை அடித்தும் தோணி கவிழாமல் போவது எப்படி என்ற வியப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வரும். எண்ணிப் பார்த்தால் காலம் இம்மியும் பிசகவில்லை. இரைச்சலாக வாசிப்பதும் கவனித்து வாசிப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

டோனி வில்லியம்ஸ் 1963இல் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினேழு. 1967இல் பதிவான 'நெஃபெர்டிட்டி'யில் ஊதுபவர்கள் இருவரும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, அதன் அடியில் டிரம்ஸ் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. முன்வரிசை தம்பூராவாகிவிட, பக்கவாத்தியம் ஆலாபனை செய்வதாக வைத்துக்கொள்ளலாம்.

இனி ராக் இசைக்கு வருவோம். ஜாஸுக்கும் ராக்குக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது என்றால், அதன் சாவி நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஏர்ல் பால்மரிடம் இருந்தது. சிறுவனாக மேடைகளில் டேப் நடனம் ஆடி வளர்ந்தவர். மனத்தளவில் ஜாஸ் கலைஞர். ராம்பார்ட் தெருவில் ஒரு கடையின் பின்னறையில் கோசிமோ மட்டாசா நடத்திய சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில், 1949 டிசம்பரில் ஃபேட்ஸ் டாமினோவின் முதல் பதிவுக்கு வாசித்தார். நியூ ஆர்லியன்ஸ் மரபில் இரண்டிலும் நான்கிலும் விழும் அந்தப் பலத்த அடியை, அதாவது பேக்பீட்டை, பாட்டின் கடைசிச் சுற்றில் உச்சம் ஏற்றுவதற்காக மட்டும் வைத்திருப்பார்கள். பால்மர் அதை முதலிலிருந்து முடிவுவரை அடித்தார். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது மட்டும் வாசிக்கும் கெட்டிமேளத்தை முகூர்த்தம் தொடங்கியதிலிருந்தே வாசித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிட நுட்பமான மாற்றம் சில ஆண்டுகளில் வந்தது. லிட்டில் ரிச்சர்ட் அதே கூடத்துக்கு 1955இல் பாட வந்தார். அவருடைய வலது கை பியானோவில் சமமான எட்டு அடிகளை இடித்துக்கொண்டே இருக்கும், அதாவது சதுஸ்ரம். பால்மரின் கைக்குப் பழக்கமோ ஷஃபிள், அதாவது திஸ்ரச் சாயல். தொடக்ககாலப் பதிவுகளைக் கூர்ந்து கேட்டால் பியானோ ஒரு வழியும் டிரம்ஸ் ஒரு வழியுமாக உரசிக்கொண்டு போவது தெரியும். அந்தப் பியானோவுக்கு எதிரே ஷஃபிள் வாசிப்பது கடினமாக இருந்ததால் தாமும் சமமான எட்டடிக்கு மாறியதாகப் பால்மர் விளக்கியிருக்கிறார். பின்னாளில் உலகமெங்கும் ராக் டிரம்மர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் அந்த நேரான எட்டடி, இப்படி ஒரு பியானோக்காரரின் வலது கைக்கு விட்டுக்கொடுத்ததில் பிறந்தது. எனக்கோ, இரண்டும் உரசிய அந்த இடைக்காலப் பதிவுகள்தாம் அமுதம். திஸ்ரமும் இல்லை, சதுஸ்ரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பெயரில்லாத ஓர் இடத்தில் பாட்டு துள்ளுகிறது.

அந்தப் பெயரில்லாத இடத்தை ராக் இசையில் கடைசிவரை விடாமல் வைத்திருந்தவர் ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ். ஜெரி மல்லிகனின் ஒரு தட்டில் சிக்கோ ஹாமில்டன் பிரஷ்ஷால் வாசித்ததைச் சிறுவயதில் கேட்டு மயங்கி, கையிலிருந்த பேஞ்சோ என்னும் தந்திக் கருவியின் கழுத்தைக் கழற்றிவிட்டு, தோல் போர்த்திய வட்டத்தை ஸ்னேராக, அதாவது டிரம் செட்டில் வாசிப்பவருக்கு நேர் முன்னால் இருக்கும் டிரம்மாக, வைத்துக்கொண்டு பழகியவர் அவர். விளம்பர நிறுவனத்தில் ஓவிய வேலை. ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரைப் பற்றிப் படம் வரைந்து ஒரு சிறு புத்தகமே போட்டிருக்கிறார். 1963இல் ஸ்டோன்ஸில் சேர்ந்து, 2021 ஆகஸ்டில் இறக்கும்வரை அதே குழுவின் டிரம்மர். தம்மை ராக் கலைஞர் என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் வாசிக்கும் காணொளி ஒன்றைப் போட்டு, ஒலியை நிறுத்திவிட்டு, வலது கையை மட்டும் பாருங்கள். பெரும்பாலான ராக் டிரம்மர்கள் ஹை-ஹாட்டில் எட்டு அடியையும் அடிப்பார்கள். வாட்ஸ் ஆறுதான் அடிப்பார். ஸ்னேரில் இடது கை இறங்கும் இரண்டிலும் நான்கிலும் வலது கை ஹை-ஹாட்டை விட்டு மேலே எழும்பி, வெறுங்காற்றில் நின்று, மறுபடி இறங்கும். ஸ்னேர் அடிக்குப் பக்கத்தில் வேறு ஒலியே இல்லாததால் அந்த அடி கழுவி வைத்த பாத்திரம்போல் சுத்தமாகக் கேட்கும். கை மேலே போய் இறங்க எடுக்கும் நேரம் நடையில் ஒரு மெல்லிய தள்ளாட்டத்தையும் சேர்க்கிறது. நான் ஒரு வாரம் முயன்று பார்த்தேன். கை எழும்பியது, தள்ளாட்டம் வந்தது, ஆனால் அது குடித்தவனின் தள்ளாட்டமாக இருந்தது. இன்னொன்று: பெரும்பாலான குழுக்களில் எல்லாரும் டிரம்மரைப் பின்பற்ற, ஸ்டோன்ஸில் வாட்ஸ் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரைப் பின்பற்றினார். அரை இம்மி பின்னால். அந்த அரை இம்மிதான் அந்தக் குழு.

பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டாரைக் கேலி செய்வது ஒரு காலத்தில் நாகரிகமாக இருந்தது. அவர் இடக்கைக்காரர், வலக்கைக்காரருக்கு அடுக்கிய டிரம் செட்டில் வாசித்தவர். டாம்களில் ரோல் போடும்போது இடது கையால் தொடங்குவார். வழக்கமான ரோல்கள் அவர் கைக்கு வராததால், வேறு யாருக்கும் தோன்றாத ரோல்களை வாசித்தார். 'கம் டுகெதர்' பாட்டின் தொடக்கத்தைக் கேட்டால் போதும். குறையைச் சரிசெய்யாமல் விட்டதே அவருக்கு நல்லதாயிற்று.

கோஸ்ட் நோட் என்று ஒன்று உண்டு. பேய்ச் சுரம் என்று தமிழாக்கினால் சுடுகாட்டு வாசனை வந்துவிடும். அதனால் அப்படியே விட்டுவிடுகிறேன். ஸ்னேரில் குச்சி ஓர் அங்குல உயரத்திலிருந்து தானாக விழுந்தாற்போல், இருந்தும் இல்லாததுபோல் ஒலிக்கும் அடி அது. இதைக் கொண்டு ஒரு தனி நடையையே கட்டியவர் பெர்னார்ட் பர்டி. அமெரிக்க டிரம்மர்கள் அவர் பெயரிலேயே பர்டி ஷஃபிள் என்கிறார்கள். மறுபடி தகிடவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹை-ஹாட்டில் வலது கை 'த'வையும் 'ட'வையும் வாசிக்கும்; நடுவிலுள்ள 'கி'யை இடது கை ஸ்னேரில் கோஸ்ட் நோட்டாகத் தொடும்; மூன்றாம் எண்ணிக்கையின் தலையில் மட்டும் அதே இடது கை பலமாக ஓர் அடி. ஸ்டீலி டேன் குழுவின் 1977ஆம் ஆண்டுத் தட்டான 'அஜா'வில் 'ஹோம் அட் லாஸ்ட்' பாட்டில் பர்டி வாசிப்பது இதுதான்.

படிக்க எளிது. சிக்கல் எங்கே என்றால், பலத்த அடி விழுந்த மறுகணமே, திஸ்ரத்தின் அடுத்த எழுத்தில், அதே கை பூப்போல் தொட வேண்டும். ஓங்கி அடித்த குச்சி தோலில் பட்டு எம்பும்; அந்த எம்பலை விரல்களால் பிடித்து, ஓர் அங்குலத்துக்குள் அடக்கி, மீண்டும் விழவிட வேண்டும். நான் ரப்பர் பேடில் மூன்று மாதம் பழகியும் என் கோஸ்ட் நோட் உயிருள்ள ஆள் நடந்துபோவதுபோல்தான் கேட்டது. மெதுவாக அடித்தால் பலத்த அடி சோர்ந்துவிடும். பலத்த அடி சரியாக வந்தால் அடுத்தது சத்தமாகிவிடும். டோட்டோ குழுவின் ஜெஃப் போர்காரோ 1982இல் வெளியான 'ரோசன்னா' பாட்டுக்கு இந்த ஷஃபிளோடு ஜான் பான்ஹமின் ஒரு நடையையும் போ டிட்லியின் தாளத்தையும் கலந்து வாசித்தார். எதை யாரிடமிருந்து எடுத்தேன் என்று அவரே ஒரு பாடக் காணொளியில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ரகசியத்தை முழுவதும் சொல்லிவிட்டார்; ஆனாலும் அவர் வாசித்ததுபோல் இன்னும் யாரும் வாசித்து நான் கேட்கவில்லை.

பான்ஹம் பெயர் வந்துவிட்டது. லெட் செப்பெலினின் இந்த டிரம்மரைப் பலமான ஆள் என்று மட்டும் நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1971இல் வெளியான நான்காம் தட்டின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டுக்கு, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் கூடத்தில் டிரம் செட்டைப் போட்டு, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படிகளின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். தோலுக்குப் பக்கத்தில் மைக் இல்லை. இப்படிப் பதிவுசெய்தால், எந்தக் கருவி சத்தமாக, எது மெதுவாக என்பதைப் பிறகு உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. பேஸ் டிரம், ஸ்னேர், ஹை-ஹாட் மூன்றுக்கும் உள்ள விகிதத்தை வாசிப்பவரே கையாலும் காலாலும் அமைத்துத் தந்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்ட அந்த நான்கு சுற்றுகளின் கம்பீரத்துக்குக் காரணம் படிக்கட்டு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அதே படிக்கட்டில் என்னை உட்காரவைத்திருந்தால் படிக்கட்டின் மானம்தான் போயிருக்கும். முதல் தட்டிலேயே பேஸ் டிரம்மில் திஸ்ரத்தின் இரண்டு எழுத்துகளை ஒற்றைப் பெடலில், ஒற்றைக் காலால் வாசித்து, இரண்டு பேஸ் டிரம் வைத்திருக்கிறாரோ என்று பலரைக் குழப்பியவர் அவர். 1980 செப்டம்பரில் அவர் இறந்தார். டிசம்பரில் குழுவே கலைந்தது. வேறு ஆளைப் போட்டுத் தொடர்ந்திருக்கலாம். 1978இல் கீத் மூன் இறந்த பிறகு த ஹூ குழு அப்படித்தான் தொடர்ந்தது. நல்ல டிரம்மர்தான் வந்தார், ஆனால் பாட்டின் ஒவ்வொரு வரியையும் கூடவே பாடுவதுபோல் டாம்களில் உருண்டுகொண்டிருந்த அந்தக் கலவரம் போய்விட்டது.

வேகத்தை நான் இழித்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டி ரிச் நடை பழகும் வயதிலேயே மேடையேறியவர். நொட்டேஷன் படிக்கத் தெரியாது. ஒருமுறை கேட்டால் குழுவின் முழு அமைப்பும் மனத்தில் பதிந்துவிடும். அவருடைய தனி வாசிப்புக் காணொளிகளைத்தான் எல்லாரும் பகிர்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது, பெரிய குழுவில் பித்தளைக் கருவிகளின் ஒரு கூட்டு வீச்சுக்கு முன்னால், அவர்களைக் கைபிடித்துத் தூக்கிவிடுவதுபோல் அவர் வைக்கும் ஒன்றிரண்டு அடிகளை. அந்த வேகம் எதற்காக என்று அங்கேதான் புரியும்.

ரஷ் குழுவின் நீல் பியர்ட் எனக்கு இந்த விஷயத்தில் பெரிய பாடம். 1994இல், உலகின் தலைசிறந்த ராக் டிரம்மர் என்று ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, பட்டி ரிச்சின் நினைவாகப் பல டிரம்மர்களை வைத்து ஒரு தட்டைத் தயாரித்தார். வந்தவர்களில் ஜர்னி குழுவின் ஸ்டீவ் ஸ்மித்தின் வாசிப்பு முன்பைவிட இழைந்து வருவதைக் கவனித்து, என்ன செய்தாய் என்று கேட்டார். ஃபிரெடி க்ரூபர் என்ற முதிய ஆசிரியரின் பெயர் வந்தது. நாற்பது வயது கடந்த பியர்ட் அவரிடம் போய், குச்சியைப் பிடிப்பதிலிருந்து மறுபடி தொடங்கினார். குச்சி தோலைத் தொடும் கணத்தைக் காட்டிலும், ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்குக் கை காற்றில் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் க்ரூபரின் கவனமெல்லாம். அந்த ஸ்டீவ் ஸ்மித் பிறகு கொன்னக்கோல் கற்றுக்கொண்டு, மேடையில் சொற்கட்டுகளைச் சொல்லியும் டிரம்ஸில் வாசித்தும் வருகிறார். அடிக்கும் முன் வாயால் சொல்ல வேண்டும் என்று நம் ஊர் மிருதங்க ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுப்பதும், க்ரூபர் சொன்னதும் அடிப்படையில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கம், வெல்வெட் அண்டர்கிரவுண்டின் மோ டக்கர். நின்றுகொண்டே வாசித்தார், பேஸ் டிரம்மைப் படுக்கவைத்து மேலிருந்து அடித்தார், சிம்பலைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. எந்தப் போட்டியிலும் முதல் சுற்றைத் தாண்டியிருக்க மாட்டார். அந்தக் குழுவுக்கு அவரைவிடப் பொருத்தமான இன்னொருவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

1980இல் ரோஜர் லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். உண்மையான டிரம்ஸின் பதிவு செய்த ஒலிகள், பிசகாத காலம். ஆனால் பிசகாத காலம் மட்டும் போதாது என்பது அதைச் செய்தவருக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் இரண்டாம் அடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளும் ஸ்விங் வசதியையும் அதில் சேர்த்தார். ஐம்பது சதவீதம் என்றால் சதுஸ்ரம், அறுபத்தாறு என்றால் திஸ்ரம், நடுவில் வேண்டிய எண். பால்மரும் வாட்ஸும் வாழ்ந்த இடத்துக்கு எண் கிடைத்துவிட்டது என்று முதலில் படித்தபோது மகிழ்ந்தேன். இன்று என் கணினியிலும் அந்த வசதி இருக்கிறது. ஐம்பத்தெட்டில் வைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் சுற்றிலும் ஐம்பத்தெட்டு, நூறாவது சுற்றிலும் ஐம்பத்தெட்டு. பாடுபவர் வரியை இழுக்கும்போது அது கொஞ்சம் காத்திருப்பதில்லை.

எனக்கு இப்போது டிரம் செட் இல்லை. வாடகை வீட்டில் வைக்க இடமும் இல்லை. ஒரு ரைடு சிம்பலும் அதன் ஸ்டாண்டும் மட்டும் பால்கனிக்குப் பக்கத்தில் நிற்கின்றன. நிமிடத்துக்கு 60, 120, 200 என்று மூன்று வேகங்களில் வேகத்துக்குப் பத்து நிமிடம் அந்த டிங்-கவை வாசித்து, கைபேசியில் பதிவுசெய்து கேட்கிறேன். வேகமானது எப்படியோ வந்துவிடுகிறது. 60தான் மானத்தை வாங்குகிறது. நேற்றைய பதிவில் இரண்டாம் நிமிடத்திலிருந்தே 'க' முன்னால் நகரத் தொடங்கி, முடிவதற்குள் பழைய கிறிஸ்துமஸ் கேசட்டைப்போல் ஓடியிருந்தது. மாலை எட்டு மணிக்கு மேல் சிம்பல் சத்தம் கூடாது என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இப்போது ஏழு இருபது.